திருச்சானூரிலிருந்து டெல்லிக்கு

(நாயுடுபேட்டை தொடர்கல்வி மையத்தில், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களின் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

போன வாரம் நம் மையத்தில் ஓர் அம்மா ஒரு கேள்வி கேட்டார். சுவரில் ஒரு பழைய தேர்தல் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "பா-ரா-ளு-மன்-றம்" என்று படித்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இத்தனை வருசமா ஓட்டுப் போடறேன். ஓட்டு வாங்கிட்டுப் போன எம்.பி. டெல்லியிலே என்ன வேலை செய்யறார்னு ஒருநாளும் எனக்குத் தெரியாது. அங்கே அவருக்கு என்னதான் வேலை?"

நல்ல கேள்வி. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். சட்டத்தை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். பகல் முழுதும் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு மனிதரின் கதையாகவே சொல்கிறேன். அவர் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. நம் பக்கத்து ஊர்க்காரர்.

ஒரே ஆறு

நம் நாயுடுபேட்டை ஓரமாக ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் என்ன? சுவர்ணமுகி. தமிழில் அதைப் பொன்முகலி என்பார்கள். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் வரும்.

இந்த ஆற்றின் கரையோரமாகவே மேற்கே போனால் காளஹஸ்தி வரும். இன்னும் மேலே போனால் திருச்சானூர் வரும். பத்மாவதித் தாயார் கோயில் இருக்கிற ஊர். திருப்பதிக்குப் போகிறவர்கள் அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். உங்களில் பலர் போயிருப்பீர்கள்.

அந்தத் திருச்சானூரில் 1891-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. பெயர் அனந்தசயனம். மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார் என்பது முழுப் பெயர். அந்தக் குழந்தை வளர்ந்து எம்.பி. ஆனது. பிறகு பாராளுமன்றத்துக்கே சபாநாயகர் ஆனது. அந்தக் கதைதான் இது.

அப்போது சித்தூர் என்று தனி மாவட்டம் கிடையாது. திருப்பதி, திருச்சானூர் எல்லாம் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1911-ல்தான் சித்தூர் மாவட்டம் உண்டானது. எல்லாம் சென்னை மாகாணம். ஆட்சி வெள்ளைக்காரன் ஆட்சி.

கணக்கு வாத்தியார்

அனந்தசயனம் திருப்பதியில் பள்ளிக்கூடம் படித்தார். பிறகு சென்னைக்குப் போனார். பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. படித்தார். சட்டக் கல்லூரியில் சட்டமும் படித்தார்.

முதலில் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? கணக்கு வாத்தியார் வேலை. 1912-ல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 1915-ல் வக்கீல் ஆனார். சித்தூரில் வழக்கு நடத்தினார்.

கணக்கு வாத்தியார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது உதவும்.

1921-ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் நடத்தினார். "வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்" என்று வக்கீல்களைக் கேட்டுக்கொண்டார். அனந்தசயனம் ஒரு வருஷம் வக்கீல் தொழிலை நிறுத்தினார். வக்கீலுக்கு வழக்கு இல்லை என்றால் வருமானம் இல்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை என்பது நமக்குத் தெரியும். ஒரு வருஷம் அப்படி இருப்பது லேசான காரியமா?

"எம்டன்"

1934-ல் அவர் டெல்லிச் சட்டசபைக்குத் தேர்தலில் நின்று வென்றார். அப்போது அதற்கு மத்திய சட்டசபை என்று பெயர். ஆனால் அந்தத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்கும்தான் ஓட்டு. நாடு முழுவதும் சேர்த்து சுமார் 14 லட்சம் பேருக்குத்தான் ஓட்டுரிமை இருந்தது. அதில் பெண்கள் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. நம்மைப் போன்ற கூலிக்காரர்கள் ஓட்டுச் சாவடிப் பக்கம் போக முடியாது.

சட்டசபைக்குப் போன அனந்தசயனம் சும்மா உட்காரவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். இந்தச் செலவு ஏன்? இந்த வரி ஏன்? இந்தக் கணக்கு எங்கே? அவர் பேச்சு குண்டு போடுவது மாதிரி இருந்தது. அவரை "சட்டசபையின் எம்டன்" என்று சொன்னார்கள்.

எம்டன் என்றால் என்ன? அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். முதல் உலகப் போர் நடந்தபோது, 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, அந்தக் கப்பல் சென்னைக்கு அருகே கடலில் வந்து நின்றது. துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பிறகு இருட்டில் தப்பிப் போய்விட்டது. அன்று முதல் தமிழில் கெட்டிக்கார ஆளை "அவன் சரியான எம்டன்" என்கிறோம். நம் பாட்டிமார்கள்கூட அப்படிச் சொல்வார்கள்.

ஒரு கப்பல் குண்டு போட்டது. நம் ஊர்க்காரர் கேள்வி போட்டார். கேள்வியும் ஓர் ஆயுதம்தான்.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1940-ல் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கினார். 1942-ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வந்தது. இரண்டிலும் அனந்தசயனம் கலந்துகொண்டார். 1940-க்கும் 1944-க்கும் இடையில் பெரும்பகுதி நாட்களைச் சிறையில் கழித்தார்.

கைநாட்டுக்கும் ஓட்டு

1947-ல் சுதந்திரம் வந்தது. நாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டும். அதைத்தான் அரசியல் சட்டம் என்கிறோம். அதை எழுதிய சபையில் அனந்தசயனமும் ஓர் உறுப்பினர். 1949 நவம்பர் 26-ஆம் தேதி அந்தச் சட்டத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. 1950 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நாளைத்தான் குடியரசு நாளாகக் கொண்டாடுகிறோம்.

அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. 21 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு. ஆணுக்கும் ஓட்டு, பெண்ணுக்கும் ஓட்டு. ஜமீன்தாருக்கும் ஒரே ஓட்டு, அவர் வயலில் நாற்று நடுகிற அம்மாவுக்கும் ஒரே ஓட்டு. 1989-ல் இந்த வயது 18 ஆகக் குறைந்தது.

அப்போது நாட்டில் 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். "எழுத்துத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் சட்டம் எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. படிப்பு இல்லாவிட்டால் என்ன? அறிவு இல்லையா? பசி தெரியாதா? நல்லது கெட்டது தெரியாதா? கைநாட்டுக்கும் ஓட்டு உண்டு என்று முடிவு செய்தார்கள்.

முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. 17 கோடிக்கு மேல் ஓட்டர்கள். அதுவரை உலகில் எந்தத் தேர்தலிலும் இத்தனை ஓட்டர்கள் இருந்தது கிடையாது. சுகுமார் சென் என்பவர் தலைமைத் தேர்தல் கமிஷனர். படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள்? அதற்காகத்தான் சின்னம் கொடுத்தார்கள். காங்கிரசுக்கு இரட்டைக் காளை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான்.

இதில் ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. வாக்காளர் பட்டியல் எழுதப் போனபோது, வட இந்தியாவில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாருடைய மனைவி" என்றார்கள். "இன்னாருடைய அம்மா" என்றார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சுகுமார் சென் சொல்லிவிட்டார். சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. அவர்களால் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியவில்லை.

அக்காமார்களே, இந்த மையத்தில் முதலில் நீங்கள் எழுதக் கற்றது எது? உங்கள் சொந்தப் பெயர். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறதா?

அந்தத் தேர்தலில் திருப்பதித் தொகுதியில் அனந்தசயனம் அய்யங்கார் நின்றார், வென்றார். இன்று நம் நாயுடுபேட்டையும் திருப்பதிப் பாராளுமன்றத் தொகுதியில்தான் இருக்கிறது. சூளூர்பேட்டைச் சட்டமன்றத் தொகுதி அதன் ஒரு பகுதி.

அரசாங்கத்தின் கணக்கைப் பார்த்தவர்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். டெல்லியில் எம்.பி.க்கு என்ன வேலை?

முதல் வேலை, சட்டம் செய்வது. இரண்டாவது வேலை, அரசாங்கத்தின் பணத்துக்குக் கணக்குக் கேட்பது. மூன்றாவது வேலை, மக்களின் குறைகளைச் சபையில் சொல்வது.

இரண்டாவது வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். நாம் கடையில் சோப்பு வாங்குகிறோம். அதன் விலையில் வரியும் இருக்கிறது. ஏழையானாலும் பணக்காரனானாலும் சோப்பு வாங்கினால் வரி கட்டியே ஆக வேண்டும். அந்தப் பணம்தான் அரசாங்கத்தின் கஜானாவுக்குப் போகிறது. அதை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று பாராளுமன்றம் அனுமதி கொடுக்க வேண்டும்.

1950-ல் பாராளுமன்றத்தில் ஒரு குழு அமைத்தார்கள். மதிப்பீட்டுக் குழு என்று பெயர். அரசாங்கத்தின் செலவில் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே வீண் செலவு இருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. அந்தக் குழுவின் முதல் தலைவர் யார்? நம் கணக்கு வாத்தியார்தான். அன்று பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்தினார். இன்று அரசாங்கத்தின் செலவுக் கணக்கைப் பார்த்தார்.

மகளிர் குழுவில் இருக்கிற அக்காமார்களுக்கு இது நன்றாகப் புரியும். குழுப் பணத்துக்கு மாதாமாதம் கணக்கு வைக்கிறீர்கள். யார் எவ்வளவு கட்டினார், யார் எவ்வளவு கடன் வாங்கினார் என்று கேட்கிறீர்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பொதுப் பணம் என்றால் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

பேச்சாளர் பேசாமல் இருந்தார்

1952-ல் அனந்தசயனம் மக்களவையின் துணைச் சபாநாயகர் ஆனார். அப்போது சபாநாயகராக இருந்தவர் மாவளங்கர். அவர் 1956 பிப்ரவரி 27-ல் காலமானார். மார்ச் 8-ஆம் தேதி அனந்தசயனம் சபாநாயகர் ஆனார். 1957 தேர்தலில் சித்தூர்த் தொகுதியில் வென்று மறுபடியும் சபாநாயகர் ஆனார். 1962 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

சபாநாயகர் என்றால் யார்? ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் நியாயம் பிறக்குமா? ஒருவர் நடுவில் இருந்து, "நீ பேசு, நீ கொஞ்சம் பொறு" என்று சொல்ல வேண்டும். அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பாராளுமன்றத்தில் அந்த வேலையைச் செய்கிறவர்தான் சபாநாயகர். இங்கிலீஷில் ஸ்பீக்கர் என்பார்கள். ஸ்பீக்கர் என்றால் பேசுகிறவர். ஆனால் சபை விவாதத்தில் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாதவர் அவர்தான். ஓட்டெடுப்பிலும் அவர் ஓட்டுப் போட மாட்டார். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தால் மட்டும் போடுவார்.

குண்டு போடுகிற மாதிரிப் பேசிய எம்டன், இப்போது மற்றவர்கள் பேசுவதற்கு இடம் கொடுக்க வேண்டும். இது கஷ்டமான மாற்றம். அவர் காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

மாமனார் ஆட்சி, மருமகன் கேள்வி

1956-ல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எல்.ஐ.சி. உண்டானது. லட்சக்கணக்கான மக்கள் மாதாமாதம் அதில் பணம் கட்டினார்கள். 1957-ல் அந்தப் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் எடுத்து, முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் பங்குகள் வாங்கினார்கள். அந்தக் கம்பெனிகள் நல்ல நிலையில் இல்லை.

1957 டிசம்பரில் இதைப் பற்றி மக்களவையில் ஓர் எம்.பி. பேசினார். அவர் பெயர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர். அதுமட்டுமல்ல, பிரதமர் நேருவின் மருமகன். மாமனார் பிரதமர். மருமகன் அவருடைய அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிறார். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் நம் அனந்தசயனம். அவரும் காங்கிரஸ்காரராகத் தேர்தலில் நின்று வந்தவர்தான். ஆனாலும் அந்தச் சபையில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது. விவாதம் நடந்தது.

பிறகு நீதிபதி சாக்ளா விசாரித்தார். மக்கள் முன்னால் வெளிப்படையாக விசாரணை நடந்தது. நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

சபையில் ஒருவர் கேட்டார். நாடு முழுவதும் தெரிந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தால், கேட்பதற்கு இடமும் இருந்தால், மந்திரியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எம்.பி.யின் வேலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வரதட்சணைச் சட்டம்

இரண்டாவது நிகழ்ச்சி பெண்களுடைய விஷயம்.

பாராளுமன்றத்தில் இரண்டு சபைகள் உண்டு. நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பும் எம்.பி.க்கள் இருப்பது மக்களவை. இன்னொன்று மாநிலங்களவை. ஒரு சட்டம் வர வேண்டுமானால் இரண்டு சபைகளும் சம்மதிக்க வேண்டும்.

வரதட்சணையைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மசோதா என்றால் சட்டம் ஆவதற்கு முன்னால் உள்ள வரைவு. எது வரதட்சணை, எது சீர் என்பது போன்ற விஷயங்களில் இரண்டு சபைகளுக்கும் கருத்து ஒத்துப் போகவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்திலும் இதே தகராறுதானே? "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள்" என்று சொல்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

இரண்டு சபைகளும் ஒத்துப் போகாவிட்டால் என்ன செய்வது? இரண்டையும் ஒன்றாகக் கூட்டலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதுவரை அப்படிக் கூடியதே இல்லை. முதல் தடவையாக 1961 மே மாதம் 6-ஆம் தேதியும் 9-ஆம் தேதியும் இரண்டு சபைகளும் ஒன்றாகக் கூடின. கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் மக்களவைச் சபாநாயகர். அந்த நாற்காலியில் அன்று இருந்தவர் திருச்சானூர் அனந்தசயனம் அய்யங்கார். சுதந்திர இந்தியாவில் இதுவரை இப்படி மூன்று மசோதாக்களுக்காகத்தான் கூடியிருக்கிறார்கள். அதில் முதல் மசோதா, நம் பெண் பிள்ளைகளுக்கான மசோதா.

அந்த மாதமே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1961 ஜூலை 1 முதல் அமலானது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். முதலில் தண்டனை குறைவாக இருந்தது. 1984-லும் 1986-லும் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். இப்போது வரதட்சணை வாங்கினாலோ கொடுத்தாலோ 5 வருஷத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை என்று சட்டம் சொல்கிறது.

சட்டம் வந்துவிட்டது. வரதட்சணை போய்விட்டதா? இல்லை. இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். சட்டம் செய்வது எம்.பி.யின் வேலை. அந்தச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது யார் வேலை? அதை யோசியுங்கள்.

கடைசி நாட்கள்

1962 தேர்தலிலும் அனந்தசயனம் சித்தூரில் வென்றார். ஆனால் சில மாதங்களில் எம்.பி. பதவியை விட்டு, பீகார் மாநிலத்தின் கவர்னராகப் போனார். 1967 வரை அங்கே இருந்தார். 1966-67-ல் பீகாரில் கடுமையான வறட்சி வந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. மக்கள் மிகவும் கஷ்டப்பட்ட காலம் அது.

பிறகு அவர் ஊருக்கே திரும்பி வந்தார். சமஸ்கிருதக் கல்வியில் அவருக்கு ஆர்வம் அதிகம். திருப்பதியில் உள்ள சமஸ்கிருதக் கல்வி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைத்தார். 1978 மார்ச் 19-ஆம் தேதி தம் 87-ஆம் வயதில் காலமானார்.

வாத்தியார், வக்கீல், கைதி, எம்.பி., சபாநாயகர், கவர்னர். ஒரே வாழ்க்கையில் இத்தனை. ஆற்றங்கரையில் தொடங்கியவர் டெல்லி போய், பாட்னா போய், மறுபடியும் ஆற்றங்கரைக்கே வந்து சேர்ந்தார்.

நாம் என்ன செய்வது?

கதை முடிந்தது. நம் வேலை இனிமேல்தான்.

எந்தக் குறையை யாரிடம் சொல்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரு விளக்கு எரியவில்லையா? சாக்கடை அடைத்துக்கொண்டதா? அது பஞ்சாயத்து அல்லது நகராட்சியின் வேலை. அங்கே சொல்லுங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், நிலப் பட்டா எல்லாம் மாநில அரசு. அதற்கு எம்.எல்.ஏ. இருக்கிறார். ரயில், தபால் ஆபீஸ், தேசிய நெடுஞ்சாலை எல்லாம் மத்திய அரசு. அதற்கு எம்.பி. இருக்கிறார்.

2005-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதனால்தான் கிராமங்களுக்கு நூறு நாள் வேலை வந்தது. உங்களில் பலர் அதில் மண் வெட்டியிருப்பீர்கள். டெல்லியில் எம்.பி.க்கள் கை தூக்கியதால் இங்கே உங்கள் கைக்குக் கூலி வந்தது. டெல்லி அவ்வளவு தூரம் இல்லை.

இன்னொன்று. 1993 முதல் எம்.பி. தொகுதி வளர்ச்சி நிதி என்று ஒன்று இருக்கிறது. 2011 முதல் ஒரு தொகுதிக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். அந்தப் பணம் எம்.பி.யின் கைக்கு வராது. இன்ன இடத்தில் இன்ன வேலை செய்யுங்கள் என்று அவர் எழுதிக் கொடுப்பார். மாவட்ட நிர்வாகம் அதைச் செய்யும். அந்த நிதியில் நம் பகுதியில் என்ன வேலை நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்பது எப்படி? கடிதம் எழுதுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் ஊரிலிருந்து 40 பெண்கள் தினமும் காலையில் ரயிலில் வேலைக்குப் போகிறோம். காலை ரயில் எங்கள் ஊரில் நிற்பதில்லை. நான்கு கிலோ மீட்டர் நடந்து போகிறோம். அந்த ரயில் எங்கள் ஊரில் நிற்க நீங்கள் ரயில்வே மந்திரியிடம் கேட்க வேண்டும். என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குப் பதில் எழுத வேண்டும். இப்படிக்கு," என்று எழுதி, கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி எழுதுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கையெழுத்துக்கு ஒரு பலம். நாற்பது கையெழுத்துக்கு நாற்பது பலம்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படாதீர்கள். நம் நாயுடுபேட்டை 2022-ல்தான் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் நெல்லூர் மாவட்டம். அந்த நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உங்களைப் போலவே பெண்கள் இரவு நேரத்தில் எழுத்துப் படிக்க வந்தார்கள். பாடத்தில் சாராயத்தால் கெட்ட குடும்பத்தின் கதை வந்தது. படித்தார்கள், பேசினார்கள். "இது நம் வீட்டுக் கதைதானே?" என்றார்கள். ஒன்றாகச் சேர்ந்து சாராயக் கடையை மூட வைத்தார்கள். ஊர் ஊராக அது பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஓர் அரசாங்கத்தையே சட்டம் போட வைத்தார்கள். அவர்கள் எம்.பி. இல்லை. எம்.எல்.ஏ. இல்லை. கூலி வேலை செய்த பெண்கள்.

போன வாரம் கேள்வி கேட்ட அம்மாவுக்கு இப்போது என் பதிலைச் சொல்கிறேன். அம்மா, டெல்லியில் எம்.பி.யின் வேலை கேள்வி கேட்பது. இங்கே நம் வேலை, அவரைக் கேள்வி கேட்பது. நாம் கேட்காவிட்டால் அவருக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றாது. ஓட்டுக்குப் பணம் வாங்கிவிட்டால் கேட்க நமக்கு வாய் வராது. அதையும் மறக்க வேண்டாம்.

நாளைக்கு வரும்போது எல்லோரும் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். அதில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். பிறர் படித்துச் சொல்ல வேண்டாம்.

சேர்ந்து பேசுங்கள்

1. அனந்தசயனம் அய்யங்கார் முதலில் என்ன வேலை பார்த்தார்?

2. 1951-52 தேர்தலில் பல பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து ஏன் நீங்கியது?

3. சபாநாயகர் ஏன் ஒரு பக்கம் சாயக் கூடாது?

4. உங்கள் ஊரில் உள்ள மூன்று குறைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் யாரிடம் சொல்ல வேண்டும்?

5. உங்கள் எம்.பி.யின் பெயர் என்ன? தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்து எழுதுங்கள்.